பேஸ்பால் அடி இடுப்புல இருந்துதான் வருது

ஆசிரியருக்கு வணக்கம்,

பேஸ்பால் பத்தி எழுதுறவங்க பேட்டரோட கை பலத்தையே பேசுறீங்க, அது சரியில்லைங்க. பந்து எறியிற பிட்சர் நிக்கிற இடம் 60 அடி 6 அங்குலம் தள்ளி, மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்துல பந்து வந்து சேர அரை செகண்ட் கூட ஆகாது, அதுக்குள்ள முன்கால ஊணி, மொதல்ல இடுப்பு திரும்பி, அப்புறம் தோள், கடைசியாதான் கையும் பேட்டும் சாட்டை மாதிரி சுழண்டு வருது. இடுப்பு திரும்பும்போது தோள் கொஞ்சம் பின்தங்கணும், அந்த முறுக்குலதான் வேகமே பிறக்குது! சேஞ்சப்ல, அதாவது வேகமா வர்ற மாதிரி காட்டி மெதுவா வர்ற பந்துல ஏமாந்தா உடம்பு முன்னாடியே திரும்பிடும், அப்புறம் வெறும் கையாலதான் வீசணும், பந்து பக்கத்துலயே விழுந்துடும். பசங்களுக்கு கோச்சிங் குடுக்குறவங்க வெயிட் தூக்க வைக்கிறதுக்கு முன்னாடி இந்த வரிசையை சொல்லிக்குடுங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்