சீனிப் பேணியும் உப்புப் பைக்கற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்திரிகை மருத்துவப் பக்கங்களில் ஓட்ஸ், ஒலிவ் எண்ணெய், உடற்பயிற்சிக்கூடம் என்று வருகிற ஆலோசனைகள் ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ உள்ள வீட்டுக்கு ஒத்துவருவதில்லை. வன்னியில் தொடங்க வேண்டிய இடம் சீனிப் பேணியும் உப்புப் பைக்கற்றும்தான். இரண்டையும் வீட்டிலேயே அளந்து பார்த்துவிடலாம்.

வளர்ந்த ஒருவர் நாளுக்கு 50 கிராம் சீனிக்குள் நிற்க வேண்டும், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வழித்த தேக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சீனி இருக்கும். ஆனால் நாங்கள் வழித்தா போடுகிறோம்? கும்பக் கும்ப அள்ளினால் 6 கிராம் வரும். விடியப்புறம் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் இரண்டு என நாலு தேத்தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் அதுவே 48 கிராம். அதற்கு மேல் ஒரு சோடா குடித்தால் எல்லை தாண்டிவிடும். பனங்கட்டி கடித்துக் குடிப்பவர்களும் தப்ப முடியாது. அதுவும் சீனிதான்.

ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் அடுத்த கலியாண வீட்டோடு பழையபடி ஆகிவிடுவார்கள். நாக்குப் பழகக் காலம் வேண்டும். ஒரு கிழமைக்கு அரைக் கரண்டி குறைத்தால் போதும். எல்லோருக்கும் சேர்த்துக் கேத்திலிலேயே சீனி போட்டுக் கலக்கும் வழக்கத்தை முதலில் விடுங்கள். அப்போதுதான் யார் எவ்வளவு போடுகிறார் என்று தெரியும். தேநீர்க் கடைக்காரரும் சீனியைப் புறம்பாக வைத்தால் பெரிய உதவி. சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிப்பது, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள்.

உப்பு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் நிற்க வேண்டும். நாலு பேர் சாப்பிடும் வீட்டில் 400 கிராம் பைக்கற் 20 நாளாவது வர வேண்டும். உடைக்கிற அன்றே திகதியைப் பேனையால் அதில் எழுதிவையுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று நாளில் முடிந்தால் ஆளுக்கு 8 கிராம் போகிறது. கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய், அப்பளத்தில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் வராது. ஆகவே அவை அடிக்கடி சேரும் வீட்டில் பைக்கற் இன்னும் கூட நாள் வர வேண்டும். சோற்றை உப்பில்லாமல் ஆக்குங்கள். சம்பலுக்கும் சொதிக்கும் தேசிக்காய்ப் புளியைக் கூட்டினால் உப்புக் குறைந்தது தெரியாது. கருவாட்டைச் சுடுநீரில் ஊறவிட்டு, அந்த நீரை ஊற்றிவிட்டு, இன்னொரு முறை ஊறவிட்டுச் சமையுங்கள். சும்மா அலசினால் வெளி உப்புத்தான் போகும். "வயலில் வேர்வையோடு உப்புப் போகிறதே" என்பார்கள். வழக்கமான சாப்பாட்டிலேயே அது திரும்பக் கிடைத்துவிடும். குறைவது தண்ணீர்தான்.

வெயிலில் வேலை செய்கிறவர்கள் தாகம் எடுக்கும்வரை நிற்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி வந்த போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் அதில் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் கிணற்று நீரின் புளோரைட்டும் நைத்திரேற்றும் அப்படியே இருக்கும், வற்ற வற்றச் செறிவு கூடும். அந்தக் குறை உள்ள ஊர்களில் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய நீரோ மழைநீரோதான் வழி. சிறுநீரக நோயாளர் எவ்வளவு குடிக்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டே குடிக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம் என்பதால் அதையும் கேளாமல் குடிக்க வேண்டாம்.

வயல் வேலை வருடம் முழுக்க இல்லை. அறுவடை முடிந்தபின் முக்கால் நாளும் கதிரைதான், முன்னூறு மீற்றரில் உள்ள கடைக்கும் மோட்டார்சைக்கிள்தான். கிழமையில் ஐந்து நாள் அரை மணித்தியாலம், பேசலாம் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடந்தால் சரி. குளக்கட்டில் நடப்பவர்கள் நன்றாக விடிந்தபிறகு போங்கள். யானை நடமாடும் இடங்களில் இருட்டோடு போவது ஆரோக்கியம் ஆகாது.

பலன் பார்க்கத் தராசு தேவையில்லை. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, இரண்டாக மடித்து, மூச்சை விட்டபிறகு இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் முட்டாவிட்டால் வயிறு கூடிவிட்டது. 35 வயது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது அரச வைத்தியசாலையில் இரத்த அழுத்தமும் இரத்தச் சீனியும் பார்க்க வேண்டும், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. ஏற்கெனவே நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றையும் சீனியையும் திடீரென வெட்டினால் இரத்தச் சீனி தாழ்ந்து மயக்கம் வரலாம். குறைக்கத் தொடங்குமுன் கிளினிக்கில் சொல்லுங்கள். குளிசையை மட்டும் தாமாக நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
சுகாதாரக் கல்வி ஊழியர்,
கிளிநொச்சி.