குல்கர்ணி வீட்டு மருமகளுக்கு

அன்புள்ள அம்முவுக்கு,

மாமா எழுதுகிறேன். "குல்கர்ணின்னா சாதிப் பேரா மாமா?" என்று கல்யாணச் சந்தடியில் கேட்டாய். இல்லைம்மா, அது வேலையின் பெயர். ஏறக்குறைய நான் பார்த்த விஏஓ வேலைதான். அதிலுள்ள கரணியும், நம் ஊரில் கிராமக் கணக்கு எழுதியவரைச் சொன்ன கர்ணமும் ஒரே வேரில் வந்தவை.

மராட்டியக் கிராமத்துக்குத் தலைவர் பாட்டீல், கணக்கு எழுதுபவர் குல்கர்ணி. பல கிராமங்கள் சேர்ந்த பரகணாவுக்கு இதே வேலைகளைப் பார்த்தவர்கள் தேஷ்முக்கும் தேஷ்பாண்டேவும். இந்த வேலைகளுக்கு 'வதன்' என்று பெயர். அப்பாவுக்குப் பின் பிள்ளைகள் பங்குபோட்டுக்கொள்ளும் பரம்பரைச் சொத்து. அதனால் கணக்கே எழுதாத தம்பிமார் வீட்டிலும் அந்தப் பெயர் தங்கிவிட்டது.

உன் புகுந்த வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். நாணல் பேனாவைக் கையெடுக்காமல் ஓட்டி, மோடி என்னும் பழைய மராட்டிக் கூட்டெழுத்தில் ஒரு கிராமத்தின் நிலம், வரி, பாக்கி முழுவதையும் எழுதுவது லேசான காரியமில்லை. ஆனால் அந்த எழுத்தை உழுகிறவனால் படிக்க முடியாது. எழுதியதுதான் கணக்கு. எழுதியவர்கள் பெரும்பாலும் பிராமணர்கள். கோலாப்பூர் ஷாஹு மகாராஜா 1918-லேயே இந்த வதனை ஒழித்துச் சம்பளத்துக்குத் தலாட்டி என்னும் கிராமக் கணக்கர்களை வைத்தது அதனால்தான். பம்பாய் மாநிலத்தில் அதற்கு 1950-ல்தான் சட்டம் வந்தது. நம்மிடம் 1980-ல் எம்.ஜி.ஆர். பரம்பரைக் கர்ணங்களை நீக்கினார். அப்புறம் தேர்வு எழுதி வந்தவர்களில் நானும் ஒருவன். பட்டாவை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டி, "யார் பேர்ல இருக்கு, படிச்சுச் சொல்லு சாமி" என்று ஒரு பாட்டி கேட்டபோது, அதுவரை யார் யாரை நம்பி நின்றிருப்பாள் என்று தோன்றியது. உன் வீட்டுப் பெயருக்குப் பின்னாலும் அப்படிப் பல பாட்டிகள் உண்டு. அவர்களையும் சேர்த்தே அந்தப் பெயரைச் சொல்.

இன்று நம் சிட்டா அடங்கல் போல அங்கே 'சாத்பாரா'. ஏழாம் படிவமும் பன்னிரண்டாம் படிவமும் சேர்ந்தது. அதைத் தலாட்டி என்று அழைக்கப்பட்டு வந்த கிராம அதிகாரி பார்க்கிறார்.

ஒன்று கேட்கிறேன். மாமனார் வீட்டுப் பரணில் துணியில் கட்டிய பழைய தாள்கள் இருந்தால் கடையில் போட விடாதே. புனேயில் 1910 முதல் இருக்கும் பாரத இதிகாச சம்சோதக் மண்டல் என்னும் வரலாற்று ஆய்வு மன்றத்தில் கேட்டுப் பார், மோடி படிப்பவர்களைக் காட்டுவார்கள். ஒரு தாளைப் படமெடுத்து எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
மாமா