நாலு கதவும் ஒரே தெருவில்தான் இருக்கின்றன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பனியன் கம்பெனிகளில் ஆள் பற்றாக்குறை என்று சென்ற வாரம் நம் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்கள் திரும்பி வரத் தாமதமாவதால் ஆர்டர் தேங்குகிறது என்று எல்லோரும் வருத்தப்பட்டிருந்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் இங்கே குடும்பத்தோடு எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

திருப்பூர் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக 29 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கடைசிப் பத்து ஆண்டுகள் பல்லடம் சாலைப் பக்கம். அங்கே லைன் வீடுகள்தான் அதிகம். ஒரே கூரையின் கீழ் பத்து அறை, வெளியில் பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. முதலில் தனி ஆண்களாக வந்தார்கள், ஒரு அறைக்கு ஆறு பேர், ஏழு பேர். அப்புறம் மனைவி, பிள்ளைகளோடு வரத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகளில் விடுதி உண்டு, கேட்க ஒரு மேலாளராவது இருப்பார். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்ன யூனிட்டுகளில் அப்படி யாரும் கிடையாது. சனிக்கிழமை சம்பளம் கையில் கொடுப்பதோடு முதலாளியின் பொறுப்பு முடிந்துவிடும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கணவனுக்கு டையிங்கில், அதாவது சாயப் பட்டறையில் வேலை. மனைவிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், ஐந்து மாதக் கர்ப்பம். மூத்த பையனுக்கு ஆறு வயது. இவர்கள் இருந்த தெருவிலேயே அங்கன்வாடி, அதே தெருவின் கோடியில் தொடக்கப் பள்ளி, எதிரே ரேஷன் கடை, இரண்டு தெரு தள்ளி என் துணை சுகாதார நிலையம். அந்தப் பெண் கர்ப்பமாக இருப்பது எனக்குத் தெரிந்தபோது அவளுக்கு ஏழாம் மாதம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தால் 7.4, ரொம்பக் குறைவு.

அன்று மாலை அங்கன்வாடிப் பணியாளரிடம் புலம்பினேன். "அந்தப் பொண்ணா? வந்த மறுநாளே எனக்குத் தெரியுமே அக்கா, நீங்க பார்த்துட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். பையனைப் பள்ளிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். டி.சி. கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டதால் இரண்டு மாதமாக அவன் வீட்டில்தான் இருந்தான். ரேஷன் கடைக்கு அவர்கள் போகவே இல்லை. ஒடிசா கார்டு இங்கே செல்லும் என்று யாரும் சொல்லவில்லை. நாலு இடத்திலும் நல்ல மனிதர்கள்தான் இருந்தோம். அவரவர் பதிவேட்டை அவரவர் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லத்தான் யாருக்கும் தோன்றவில்லை. இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சட்டத்தில் குறை இல்லை. டி.சி. வரத் தாமதம் என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக் கூடாது, வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் நம் மாநிலத்தில் 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. முன்னுரிமைக் குடும்ப அட்டை உள்ளவர்கள் ஆளுக்கு 5 கிலோ தானியத்தை எந்த மாநிலத்திலும் கைரேகை வைத்து வாங்கலாம். ஒரு பங்கை இங்கே வாங்கிக்கொண்டு, மீதியை ஊரில் இருக்கும் மாமியார் வாங்கவும் வழி இருக்கிறது. 2023 ஜனவரி முதல் அதற்குக் காசும் கொடுக்க வேண்டியதில்லை. இந்தக் குடும்பமோ வாரா வாரம் மளிகைக் கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருந்தவள் எதைக் குறைத்துச் சாப்பிட்டிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இங்கே பலருக்கும் அது புரிவதில்லை. வடக்கிலிருந்து வந்தால் 'இந்திக்காரங்க' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெண்ணுக்கு இந்தி எனக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். எங்கள் நிலையத்தில் இந்தியில் ஒட்டியிருந்த சுவரொட்டி அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. கணவனோடு வேலை செய்யும் ஒரு பையனை மொழி சொல்லக் கூட்டி வந்தார்கள். கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று அவனை வைத்துக் கேட்டேன். அவள் தலை குனிந்தவள், அப்புறம் எதற்குமே பதில் சொல்லவில்லை. எந்தப் பெண் சொல்லுவாள்?

பிறகுதான் அதே லைனில் செக்கிங் வேலை பார்க்கும் இன்னொரு ஒடிசாக்காரப் பெண்ணைப் பிடித்தேன். எட்டு வருடம் இங்கே இருந்து, நம் கொங்குத் தமிழே பேசுகிறவள். அவள் வந்து கையைப் பிடித்துப் பேச ஆரம்பித்த பிறகு, இவள் வாய் திறந்தாள். "ஆஷா தீதி வருவாங்கன்னு இத்தனை நாளா காத்துக்கிட்டு இருந்தாளாம்" என்றாள் வந்தவள். ஒடிசாவிலும் பீகாரிலும் ஊருக்கு ஊர் ஆஷா பணியாளர் இருக்கிறார். கர்ப்பம் என்றால் வீடு தேடி வந்து கூட்டிப் போவது அவர்தான். நம் ஊரில் மலைப் பகுதிகளைத் தவிர ஆஷா முறை பெரும்பாலும் இல்லை, அந்த வேலையைச் செய்வது எங்களைப் போன்ற செவிலியர்கள். அது அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அவளைத் தேடவில்லை, அவள் வேறொருவருக்காகக் காத்திருந்தாள், இரண்டு மாதம் போய்விட்டது.

இன்னொன்றும் அந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது. அவளுடைய தம்பிக்குக் கை கால் மூட்டில் அடிக்கடி தாங்க முடியாத வலி வருமாம், ரத்தம் ஏற்றுவார்களாம். மேற்கு ஒடிசாவில் சிக்கிள் செல் எனப்படும், பரம்பரையாக வரும் ரத்த நோய் அதிகம். நான் அதுவரை இரும்புச் சத்துக் குறைவு என்று மட்டுமே நினைத்திருந்தேன். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொன்னதும் அதற்கான பரிசோதனைக்கு எழுதினார், பிரசவத்தையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு வந்தார்கள். பக்கத்து அறைப் பெண் அன்று ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு என்னோடு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கூலியை அவளுக்கு யாரும் தரவில்லை.

பையனுக்காக அங்கன்வாடிப் பணியாளரும் நானும் சேர்ந்து போய்த் தலைமை ஆசிரியரைப் பார்த்தோம். பத்து நிமிடப் பேச்சு, அவ்வளவுதான். மறுநாள் காலை உணவுக்கே பையன் வரிசையில் உட்கார்ந்துவிட்டான். ரேஷன் கடை விற்பனையாளர் ஆதார் எண்ணைப் போட்டுப் பார்த்து, "இவங்களுக்கு இருக்குதுங்க" என்றார். இரண்டு மாதத் தவிப்பு இரண்டு நாளில் தீர்ந்தது.

ஒன்றாக வேலை செய்ய நம் அலுவலகங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது நேரில் பார்த்தோமே. பீகார் அரசு அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்தது. காவல்துறை, மாவட்ட நிர்வாகம், தொழிலாளர் துறை, ஏற்றுமதியாளர்கள் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள், உதவி எண்கள் கொடுத்தார்கள். பீதி அடங்கியதும் அந்த மேஜை கலைந்துவிட்டது. ஒரு பெண்ணின் ஏழாம் மாதத்துக்காகவும் அந்த மேஜை கூட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

புதிதாக ஒரு துறையோ கட்டடமோ கேட்கவில்லை. ஒவ்வொரு பகுதியிலும் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், தலைமை ஆசிரியர், ரேஷன் கடை விற்பனையாளர் நால்வருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு போதும். அதில் லைன் வீட்டு ஓனர்களையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். புதுக் குடும்பம் வந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான், அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் அவர்கள்தானே. இன்னொன்று, கிழமை. கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய், தடுப்பூசிக்குப் புதன் என்று வைத்திருக்கிறோம். அந்த நாளில் லீவு போட்டால் கூலி போகும், ஆகவே வர மாட்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூடத்திலேயே எல்லோரும் உட்கார்ந்தால் ஒரே நடையில் சேர்க்கை, தடுப்பூசி, ரேஷன், தொழிலாளர் பதிவு எல்லாம் முடிந்துவிடும். அதற்கு வரும் ஊழியர்களுக்கு மாற்று விடுப்பு தர வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம், மொழி சொல்லும் பெண்களுக்கு ஊதியம். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டத்தில், வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளின் தாய்மொழி தெரிந்த தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் கொண்டு வந்தார்கள். நம்மிடமும் வழி இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்களுக்கு மாதா மாதம் ஊக்கத்தொகை கொடுக்கிறோம். லைன் வீடுகள் நிறைந்த பகுதிகளில் ஒடியா, வங்காளம், போஜ்புரி பேசும் பெண்களையும் அதில் சேர்க்கலாமே. பல ஆண்டுகளாக இங்கே இருந்து தமிழ் நன்றாகப் பேசும் பெண்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள்.

வரும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். மொழி சொல்ல மூன்று பெண்கள் சம்மதித்திருக்கிறார்கள். இருவர் ஒடிசா, ஒருவர் பீகார். அன்று என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவளும் அதில் இருக்கிறாள். மனு கொடுக்கும் நாளில் அவர்களுக்குப் போகும் கூலியை இந்த முறை என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்துவிடுகிறேன். அடுத்த முறை அதை அரசு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருப்பூர் மாவட்டம்.