தொலைவழிக் கற்றலில் சிறு பிள்ளைகளின் வருகை குறித்துப் பெற்றோர்க்கு

கடலூர் முதுநகர்,
ஜூலை 2021

அன்புடையீர், வணக்கம்.

கொரோனா தொற்றால் சென்ற ஆண்டு மார்ச் மாதம் மூடிய வகுப்பறைகள் நம் சிறு பிள்ளைகளுக்கு இன்னும் திறக்கவில்லை. சென்ற ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்து இப்போது இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள், நம் பள்ளியின் பெஞ்சில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. இந்நிலையில் 'வருகை' என்று எதைக் கணக்கிடுவது என்பதில் எங்களுக்கே இருந்த குழப்பத்தைச் சரிசெய்து, வரும் திங்கள்கிழமை முதல் பின்பற்றவுள்ள முறையை இக்கடிதம் வழியே தெரிவிக்கிறேன்.

கடந்த வாரம் மூன்றாம் வகுப்பின் இணைய வகுப்பில் நானும் உடனிருந்தேன். ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தபோது மிக்ஸி ஓடும் சத்தம் மட்டுமே கேட்டது. அது நின்றதும் பாட்டியின் குரல் வந்தது: "புள்ள இன்னும் எழுந்திரிக்கல டீச்சர், அட்டெண்டன்ஸ் போயிடுமேன்னு நான்தான் போனை ஆன் பண்ணி வச்சேன்." அவர்மீது எனக்கு வருத்தமில்லை. திரையில் பெயர் தெரிந்தாலே வருகை என்று எண்ணி வந்தது நாங்கள்தான்.

இனி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, அன்றைய பாடத்தைப் பிள்ளை தொட்டிருக்கிறதா என்பதே வருகை. இணைய வகுப்பில் ஒரு முறையேனும் வாய்திறந்து பதில் சொன்னாலும், எழுதிய நோட்டைப் படமெடுத்தோ வாசித்ததைக் குரல்பதிவாகவோ இரவு 8 மணிக்குள் வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினாலும் அந்த நாள் வருகையாகவே பதியப்படும். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியபின் காலை வகுப்பில் பிள்ளைகள் குறைந்ததைக் கவனித்தோம். வீட்டிலுள்ள ஒரே போன் அப்பாவோடு கடலுக்கோ, கூடையோடு கிளம்பும் அம்மாவின் இடுப்பிலோ போய்விடுகிறது என்பது விசாரித்த பிறகுதான் புரிந்தது. சிப்காட்டில் ஷிப்டு வேலைக்குச் செல்வோர் வீட்டிலும் இதே நிலைதான். ஸ்மார்ட்போனே இல்லாத வீடுகளுக்குத் திங்கள்தோறும் பள்ளியில் பயிற்சித்தாள் தருகிறோம். அடுத்த திங்களன்று முடித்துக் கொடுத்தால் அந்த வாரம் முழுவதும் வருகைதான்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வருகைப் பதிவே கிடையாது. மத்தியக் கல்வித் துறை 2020 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அவ்வகுப்புகளில் நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மிகாமல் பெற்றோருடன் பேசி வழிகாட்டுவது மட்டுமே எங்கள் வேலை. ஒன்று முதல் எட்டு வரைகூட ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றே அதில் உள்ளது. எனவே, "நாள் முழுக்க வகுப்பு வையுங்கள்" என்று கேட்கும் பெற்றோர் பொறுத்தருள வேண்டும்.

"எப்படியும் பாஸ் போட்டுவிடுவீர்கள், பிறகு வருகை எதற்கு?" என்றும் சிலர் கேட்டீர்கள். தேர்ச்சிக்காக இதைக் கேட்கவில்லை. பிள்ளை நேரில் வரும் காலத்தில் முகத்தைப் பார்த்தாலே சாப்பிட்டதா, காய்ச்சலா என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். இன்று அதைத் தெரிந்துகொள்ள எங்களிடம் இருப்பது இந்தப் பதிவேடு ஒன்றுதான். ஆகவே தொடர்ந்து மூன்று நாள் எதுவும் வராவிட்டால் வகுப்பாசிரியர் உங்களை அழைப்பார்; ஒரு வாரம் ஆனால் நானே வீட்டுக்கு வருவேன். வீட்டில் தொற்றோ துக்கமோ நேர்ந்திருந்தால் ஒரு வரித் தகவல் போதும், சான்று எதுவும் கேட்க மாட்டோம். வராத பிள்ளைகளின் பட்டியலை முன்பு வகுப்புக் குழுவில் போட்டது தவறு. அது இனி நடக்காது. சத்துணவுக்கு ஈடாக வழங்கப்படும் உலர் உணவுப் பொருள்களுக்கும் வருகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் பதிலாக எழுதி அனுப்பாதீர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் ஒரு பிழைகூட இல்லாமல், கூட்டெழுத்தின் சாயலில் வரும் வரிகள் அக்காவுடையவை என்று ஆசிரியருக்குத் தெரியாமல் போகாது. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று பிள்ளை எழுதியிருந்தால் அப்படியே அனுப்புங்கள். மறுநாள் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு அதிலிருந்துதான் தெரியும்.

இத்துடன் உள்ள தாளில், உங்கள் வீட்டில் போன் எந்த நேரத்தில் பிள்ளையின் கைக்குக் கிடைக்கும் என்பதை மட்டும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் கொடுக்கவும். மாலையில்தான் கிடைக்கும் என்போர் போதிய அளவில் இருந்தால், மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளின் ஓர் அமர்வை மாலை 6 மணிக்கு மாற்றிவிடலாம் என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டுள்ளனர்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்