இரண்டு மேடை, ஒரு ஆஸ்பத்திரி

திருகோணமலை மாவட்டத்தில் வாக்குக் கேட்டு வந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும்,

வணக்கம். போன தேர்தலில் உங்களில் ஒருவரின் பேச்சை இரண்டு ஊரில் கேட்டேன். வேலையாக மூதூர் போயிருந்த அன்று, "இனி நீங்கள் டவுனுக்கு ஓடத் தேவையில்லை, எல்லா விசேட வைத்தியர்களும் இங்கேயே இருப்பார்கள்" என்றார். நல்ல கைதட்டு. இரண்டு நாள் கழித்து திருகோணமலை டவுனில் அதே வாய், "முழு மாவட்டத்துக்கும் இங்கே ஒரு போதனா வைத்தியசாலை" என்றது, அதாவது மருத்துவ மாணவர்களும் பயிலும் பெரிய ஆஸ்பத்திரி. அதற்கும் கைதட்டு. உள்ளதைச் சொன்னால், நானும் தட்டினேன்.

ஏன் தட்டினேன் என்று சொல்கிறேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷர். கிளினிக் நாளில் விடியற்காலையே போய் நம்பர் எடுத்து, கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருப்பார். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வரும்போது பதினொரு மணியாகிவிடும். மூன்று குளிசையில் இரண்டு கிடைக்கும். மூன்றாவதற்கு ஒரு துண்டு, வெளியே வாங்கச் சொல்லி. அம்மா அந்தத் துண்டை நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். பிறகு காசிருக்கும் கிழமை வாங்குவோம். நீங்கள் மேடையில் "ஆஸ்பத்திரி" என்றதும் என் காதில் விழுந்தது அந்த மூன்றாவது குளிசை மட்டும்தான். பக்கத்தில் நின்ற அக்காவின் புருஷனுக்குப் புற்றுநோய், கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரவு பஸ் ஏறுகிறவர்கள். அந்த அக்காவுக்கு வேறு ஏதோ கேட்டிருக்கும். இது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

சரி, இதைக்கூட விடலாம். பெரிய முரண்பாடு வேறு. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தை முழுமையாக அமுல்படுத்து, மாகாணத்துக்கு அதிகாரம் கொடு என்கிறீர்கள். எனக்கும் அதுதான் விருப்பம். அந்தத் திருத்தம் மாகாணத்துக்குக் கொடுத்தவற்றில் சுகாதாரமும் ஒன்று. ஆனால் போதனா வைத்தியசாலை என்றால் அது கொழும்பில் இருக்கும் மத்திய சுகாதார அமைச்சின் கையில். ஆக, ஒரு கையால் கேட்பதை மறு கையால் திருப்பிக் கொடுக்கிறீர்கள். மத்திக்குப் போனால்தான் காசும் ஆட்களும் வரும் என்று நினைத்தால், அதையே மேடையில் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வோம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அப்புறம் ஆளுநர்தான். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்வி கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினர்கூட இல்லாத காலம் அது. இதை ஒருவரும் ஆஸ்பத்திரிப் பிரச்சினையாகப் பேசவில்லை.

வரிப் பேச்சும் அப்படித்தான். 2024இல் 18 வீதமான வற் (பெறுமதி சேர்) வரியைக் குறைப்போம் என்று ஒரு வசனம், மருந்துத் தட்டுப்பாடே இராது என்று அடுத்த வசனம். வரி குறைந்தால் மருந்துக்குக் காசு எங்கிருந்து? 2022இல் டொலர் இல்லாமல் மருந்து இல்லாமல் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

அடுத்த முறை மூதூருக்கும் டவுனுக்கும் ஒரே நோட்டீஸை அடியுங்கள். அதில் எந்த ஆஸ்பத்திரிக்கு என்ன வரும், அது மாகாணத்தின் கீழா மத்தியின் கீழா, காசு எங்கிருந்து என்று போடுங்கள். மூதூருக்கு இப்போதைக்கு இல்லையென்றால் இல்லை என்றே போடுங்கள். கிளினிக் வாங்கில் வாசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு வாக்காளர்