கையேடு எழுதுகிறவர்களையும் கேளுங்கள்: ஆவணக் கருவிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். நம் மென்பொருளின் அடுத்த பதிப்புக்கான கையேடுகளும் சொற்செயலியிலேயே (வேர்ட் போன்ற கருவியிலேயே) எழுதப்படும் என்ற உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். ‘எல்லோருக்கும் பழகிய கருவி’ என்பது ஒன்றே காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எழுதுகிற எங்களில் ஒருவரைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

மீட்புக் கட்டளை விவகாரத்தை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அந்த இரவு தொலைபேசியின் இந்த முனையில் இருந்தவன் நான். சேவையகம் விழுந்து கிடக்கிறது, நிர்வாகி கையேட்டிலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டுகிறார், பிழை. மறுபடி ஒட்டுகிறார், அதே பிழை. நான் எழுதியது இரண்டு ஹைபன்கள் (--). சொற்செயலி அவற்றை அழகான ஒரே நீளக் கோடாகத் திருத்திவிட்டிருந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, கணினிக்குத் தெரிந்தது. கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அதே கட்டளை நான்கு கையேடுகளில் இருந்தது. மூன்றைத் திருத்தினேன், நான்காவதை மறந்தேன். இரண்டு வாரத்தில் இன்னொருவர் அதே குழியில் விழுந்தார். மறதி என்னுடையதுதான். ஆனால் ஒரே வரியை நான்கு இடத்தில் நகலெடுத்து வைக்கச் சொன்ன முறை என்னுடையதல்ல.

ஆகவே கேட்கிறேன்: கையேட்டின் மூலத்தை எளிய உரைக்கோப்பில், தலைப்பு, பட்டியல், நிரல் பகுதி போன்றவற்றைச் சிறு குறிகளால் காட்டும் குறியீட்டு மொழி ஒன்றில் வையுங்கள். நிரல் பகுதி என்று குறித்துவிட்டால் அதற்குள் இருக்கும் ஹைபனை எந்தக் கருவியும் அழகுபடுத்தாது. மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியில் சேர்த்தால், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பது தெரியும்.

அத்தகைய மொழிகளில் பரவலான மார்க்டவுன் (Markdown) போதுமே என்பீர்கள். சிறு குறிப்புகளுக்குப் போதும். 2004-இல் வந்த மூல மார்க்டவுனில் அட்டவணைக்கோ அடிக்குறிப்புக்கோ தனிக் குறியீடு கிடையாது. பிறகு ஒவ்வொருவரும் தத்தம் வழியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கருவியில் சரியாக வரும் பக்கம் இன்னொன்றில் குலைகிறது. நமக்குத் தேவையான இரண்டு வசதிகள், ஒரு கோப்பைப் பல கையேடுகளில் சேர்ப்பதும் பகுதிகளுக்கிடையே குறுக்குச் சுட்டு வைப்பதும், ஆஸ்கிடாக் (AsciiDoc), ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் (reStructuredText) என்ற வேறு இரு குறியீட்டு மொழிகளிலும் இயல்பாகவே உள்ளன. சுட்டிய பகுதி இல்லாமல் போனால், ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் கோப்புகளிலிருந்து கையேட்டை உருவாக்கும் ஸ்பிங்ஸ் (Sphinx) என்ற கருவி உருவாக்கும்போதே எச்சரிக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலின் ஆவணங்கள் 2016-இல் டாக்புக் (DocBook) என்ற பழைய ஆவண வடிவத்தை விட்டு ஸ்பிங்ஸுக்கு மாறத் தொடங்கின. அவ்வளவு பெரிய திட்டத்துக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

நிரலில் ஒரு வரி மாறினால் இருவர் சரிபார்க்கிறார்கள், சோதனைகள் ஓடுகின்றன. கையேடோ ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்ற பெயர்களில் மின்னஞ்சலில் அலைகிறது. வெளியீட்டுக்கு முந்தைய நாள்தான் எங்கள் நினைவே உங்களுக்கு வருகிறது. நள்ளிரவில் சிக்கிக்கொண்டவர் திறப்பது உங்கள் நிரலை அல்ல, எங்கள் கையேட்டை. சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

சுற்றறிக்கையைத் தயவுசெய்து ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். அதற்குள் மீட்பு அத்தியாயத்தை மட்டும் ஆஸ்கிடாக்கில் மாற்றி, நான்கு கையேடுகளும் அதே ஒரு கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்து காட்டுகிறேன். எழுதுகிறவர்களையும் உட்காரவைத்துக் கேட்டபின் முடிவெடுங்கள். மூலம் எளிய உரைக்கோப்பாக இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
கையேடு எழுதுகிறவன்