வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு வரலாற்றாசிரியர் ஜே.எஃப்.சி. ஹாரிசனின் நூல்களைப் படித்தோம். விக்டோரியா கால இங்கிலாந்தில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிப் படித்தார்கள் என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வயது வந்தோருக்குப் பாடம் நடத்திய அனுபவமும் அவருக்கு உண்டு. 1961இல் வெளிவந்த அவருடைய ‘லேர்னிங் அண்ட் லிவிங்’ இந்தக் கல்வி இயக்கத்தை 1790 முதல் 1960 வரை தொடர்ந்து பார்க்கிறது. படிக்க நாள் பிடித்தது, ஆனால் யாரும் பாதியில் விடவில்லை.

அதிகம் விவாதித்தது மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டுகளைப் பற்றித்தான். 1823இல் லண்டனிலும் அடுத்த ஆண்டு லீட்ஸிலும் கைவினைஞர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கவென்று தொடங்கிய கல்விச் சங்கங்கள் அவை. நாளடைவில் பல ஊர்களில் அங்கே குமாஸ்தாக்களும் கடைக்காரர்களுமே நிறைந்தார்கள். நாளெல்லாம் ஆலையில் நின்ற உடம்புக்கு இரவில் விஞ்ஞானச் சொற்பொழிவு எப்படி ஏறும்? எழுத்தே சரியாகத் தெரியாதவருக்கு அது எதற்கு? சந்தா வேறு கட்ட வேண்டும். அரசியல் பேசவும் பெரும்பாலும் தடை. தொழிலாளி வராமல் போனதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

அப்புறம், துணைப் படிப்பாக சுயமுன்னேற்றத்தைப் பற்றி எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸின் 1859ஆம் ஆண்டு நூலான ‘செல்ஃப் ஹெல்ப்’ முன்னுரையை வாசித்தோம். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்து ஏழை இளைஞர்கள் இரண்டு மூன்று பேர், தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கக் குளிர்கால இரவுகளில் ஒரு சிறு வீட்டில் கூடினார்கள். ஆள் சேரச் சேர அறை போதவில்லை, கோடையில் தோட்டத்துக்குப் போனார்கள். திடீரென்று மழை வந்தால் பலகையில் போட்ட கணக்கெல்லாம் அழிந்துவிடும். கடைசியில், முன்பு காலரா ஆஸ்பத்திரியாக இருந்ததால் யாரும் வாடகைக்குக் கேட்காத ஓர் அறையைத் துணிந்து எடுத்தார்கள். கட்டடமும் புரவலரும் உள்ள சங்கங்களை விட இந்த அறைதான் நமக்குப் பாடம் என்று வாதிட்டேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

1854இல் லண்டனில் எஃப்.டி. மாரிஸ் என்ற பாதிரியார் தொடங்கிய தொழிலாளர் கல்லூரியைப் பற்றியும் ஒரு கூட்டம் நடந்தது. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் அங்கே ஓவியம் கற்பித்தார். அந்தக் கல்லூரியின் நூற்றாண்டு வரலாற்றை எழுதியவரும் ஹாரிசன்தான்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கூட்டம் நடத்த இடம் தந்தவர்களுக்கு நன்றி. வேலை முடிந்து வருகிறவர்களுக்காக அடுத்த ஆண்டு கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு மாற்றவும், அவர்களுக்குச் சந்தாவை நீக்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இதையும் சேர்த்து அறிக்கையை ஏற்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்